தங்கச்சிக்குப் பிறந்தநாள்

பிறந்தநாளும் அதுவுமாக நித்யா மேரிக்குப் புருஷன் கொடுத்த முதல் பரிசு பஸ்ஸில் தனி சீட்டு.

சிப்காட் ஸ்டாப்பில் அவள் ஏறியபோது செந்தமிழ்செல்வன் உள்ளே இருந்தான். கடலூரிலேயே ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து, மடியில் கேக் டப்பாவை வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்து இடம் காலி. அவள் அதைப் பார்த்து நடந்தாள். முன்னால் போ என்று அவன் கண்ணாலேயே சொன்னான். அவள் போய்ப் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் போன் அதிர்ந்தது. 'பின்சீட்டுல எங்க ஊர்க்காரன் மாதிரி ஒருத்தன். தாலிய உள்ள போட்டுக்க.'

மாதிரி. அவனுக்கு எல்லா பஸ்ஸிலும் ஊர்க்காரன் மாதிரி ஒருத்தன் இருப்பான்.

அந்தத் தாலி, அம்மா ஆரோக்கிய ராணியின் பீரோவில் துணிக்கு அடியில் கிடப்பது. மெல்லிய செயினில் கோத்த, சிலுவை பதித்த சின்னத் தாலி. ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்ட அன்று கொஞ்ச நேரம் கழுத்தில் இருந்தது. அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் போட்டிருந்தாள். ராத்திரி ஷிப்ட் முழுக்க லேபில் நின்றுவிட்டு, காலையில் கம்பெனி பாத்ரூமிலேயே குளித்து, புது சுடிதார் உடுத்தி, கண்ணாடி முன்னால் தாலியை வெளியே எடுத்துப் போட்டுப் பார்த்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. இப்போது அதை உள்ளே தள்ளினாள். ராத்திரி விழித்த உடம்புக்கு வெயில் பட்டாலே எரிச்சல். அதற்கு மேல் இது.

இருவருக்கும் ஒரே கம்பெனி. அவள் லேப், அவன் மெயின்டனன்ஸ். கம்பெனி பஸ்ஸில் ஆன பழக்கம். அவள் முதுநகர், கத்தோலிக்கக் குடும்பம். அவன் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்து ஊர், விவசாயக் குடும்பம். "எந் தங்கச்சி இளவரசிக்கு ஒரு கல்யாணம் ஆவட்டும் நித்யா. நான் வேற மதத்துல கட்டிக்கிட்டேன்னு தெரிஞ்சா அவளக் கட்ட ஒருத்தனும் வரமாட்டான். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்" என்று சொன்னான். நியாயமாகத்தான் பட்டது. இன்னொரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துத் தனக்கு ஒன்று வேண்டாம் என்று நித்யாவும் நினைத்தாள். அவன் திருப்பாதிரிப்புலியூரில் பேச்சுலர் ரூமில் இருந்தான். அவள் அம்மா வீட்டில் இருந்தாள். வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. நெய்வேலி மாப்பிள்ளை வந்தான், ஜாதகம் சேரவில்லை. விருத்தாசலத்துக்காரன் வந்தான், ஜாஸ்தி கேட்கிறான். மாதம் ஒரு சேதி சொன்னான்.

நல்லவன்தான். அவள் அப்பா லூர்துநாதன் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது ராத்திரியெல்லாம் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தான். நர்ஸ் வந்து நீங்க யாரு என்று கேட்டதற்கு, தெரிஞ்சவன் என்று சொன்னான். அன்றைக்கே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவன் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லித் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது நித்யா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கோயிலில் வைத்து நடக்காத கல்யாணத்தில் இருக்கிறவள் அந்த வரிசையில் நிற்க முடியாது. முட்டியை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழி விட வேண்டும். வழி விட்டாள். வாரா வாரம் வழி விட்டாள். கடந்து போகிற ஒவ்வொரு சேலையும் அவள் முட்டியில் உரசி, என்னடி என்று கேட்டுவிட்டுப் போகும். ஆரோக்கிய ராணி முதலில் அழுதாள், அப்புறம் திட்டினாள், அப்புறம் வேறு நேரத்துப் பூசைக்குப் போக ஆரம்பித்தாள். மகள் பக்கத்தில் உட்கார அவளுக்கு வெட்கம்.

பிறந்தநாளுக்கு வெளியே போகலாம் என்றது செல்வன்தான். "ஒரு நாளாச்சும் புருஷன் பொண்டாட்டியா இருப்போம்." பாண்டிச்சேரி வேண்டாம், சனிக்கிழமை ஆனால் பாதி கம்பெனி அங்கேதான் குடித்துக்கொண்டு கிடக்கும். சிதம்பரத்தில் ரூம். சாயங்காலம் பிச்சாவரத்தில் படகு. மறுநாள் பரங்கிப்பேட்டையில் நண்டு. "சிதம்பரத்துல நம்பள யாருக்குத் தெரியும்? கையப் புடிச்சிக்கிட்டே நடப்போம்."

அவளுக்குப் படகும் வேண்டாம், நண்டும் வேண்டாம். யாராவது கேட்டால் 'எம் பொண்டாட்டி' என்று அவன் ஒரு தடவை சொல்ல வேண்டும். வெளி ஊரில், முன்பின் தெரியாத ஒருவனிடம் சொன்னாலும் போதும். அதைக் காதால் கேட்கத்தான் தூக்கத்தை விட்டுக் கிளம்பி வந்திருந்தாள்.

சிதம்பரத்தில் இறங்கியதும் செல்வன் பக்கத்தில் வந்தான்.

"அவன் எங்க ஊர்க்காரன் இல்ல. கிட்டத்துல பாத்தா வேற யாரோ."

"அப்ப தாலிய வெளிய எடுத்துப் போடலாமா? இல்ல, அவன் கண்ணு மறையட்டுமா?"

"பொறந்தநாளு அன்னைக்கிக் கோவப்படாத நித்யா."

மேலவீதியை ஒட்டிய சந்தில் லாட்ஜ். கவுண்டரில் மீசைக்கு மை பூசிய ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்வன் போனில் புக் பண்ணியதைக் காட்டினான். அவர் அதைப் பார்க்கவில்லை. நித்யாவின் கழுத்தைப் பார்த்தார்.

"ஆதார் குடுங்க. ரெண்டு பேருதும்."

செல்வன் தன்னுடையதைக் கொடுத்தான்.

"கடலூர் மாவட்டம். இதே ஜில்லாவுல வூட்ட வச்சிக்கிட்டு இங்க எதுக்குத் தம்பி ரூமு? லோக்கல் ஆளுங்களுக்குக் குடுக்கறது இல்ல. அதுவும் ஜோடியா வந்தா குடுக்கறதே இல்ல."

"புக்கிங் எடுத்துக்கிச்சே சார்."

"அது மிஷினு. அதுக்கு என்னா தெரியும்."

நித்யா இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். கல்யாணச் சான்றிதழின் படம் போனில் இருந்தது. ஒரு கையால் போனைத் திறந்தாள். இன்னொரு கை, செயினை வெளியே இழுக்கக் கழுத்துக்குப் போனது. அதற்குள் பெரியவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி ஆதாரை இன்னொரு தரம் படித்தார்.

"இந்த ஊரா நீ? உத்திராபதி மவனா? மேடையில பேசுவாரே, அந்த உத்திராபதியா?"

செல்வனுக்கு முகம் வெளுத்தது. "ஆமாங்க."

"அடப் பாவி, நான் ராமாமிர்தம்டா. ஒங்கப்பனுக்கு நான் மச்சான் மொற. ஒனக்கு மாமன்." அவர் முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. அந்தச் சிரிப்போடு நித்யா பக்கம் திரும்பினார். "இது யாரு?"

"தங்கச்சி மாமா."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. யோசிக்கவில்லை, திக்கவில்லை. கூடவே அவன் கை, போன் வைத்திருந்த அவள் கையைக் கவுண்டருக்குக் கீழே அழுத்தியது.

"இளவரசியா?"

"ஆமா மாமா. நாளைக்கிக் காலையில இங்க ஒரு பரிச்ச. அதான் இன்னைக்கே கூட்டியாந்தேன்."

"சடங்குல பாத்தது. என்னாமா வளந்துட்ட பாப்பா." ராமாமிர்தம் அவளை உற்றுப் பார்த்தார். "மூக்கு அப்பிடியே உத்திராபதி மூக்கு. எங்க இருந்தாலும் கண்டுபுடிச்சிருப்பேன்."

நித்யா கழுத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்கு அடியில், துணிக்குக் கீழே, அந்தச் சின்னத் தாலி நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

"சொந்தக்காரப் புள்ளைங்ககிட்டயா ஆதார் கேப்பேன். உள்ள வையி" என்று ராமாமிர்தம் செல்வனிடம் அட்டையைத் திருப்பித் தந்தார். "அண்ணன் தங்கச்சிதான, ஒரு ரூமே போதும்ல? பக்கிரி, மாடியில ஏசி ரூமத் தொறந்து வுடு." சாவிப் பலகை பக்கம் போனார்.

புருஷன் பெண்டாட்டிக்கு இல்லாத ரூம் அண்ணன் தங்கச்சிக்குக் கேட்காமலே கிடைத்தது. அவளுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. செல்வன் அவள் காதோரம் குனிந்தான். பயந்து போய் மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைத்தாள்.

"பாத்தியா, எப்பிடிச் சமாளிச்சேன். ரூம் கெடச்சிடுச்சில்ல." கண்ணடித்தான்.

"அந்த ரூமுல யாரோட படுக்கப் போற? தங்கச்சியோடயா?"

"ச்சீ. என்னா பேச்சு பேசற."

"நீ பேசுனத வுடவா?"

ராமாமிர்தம் சாவியோடு திரும்பினார். கண் டப்பாவில் விழுந்தது. "அதென்னாது?"

"கேக்கு மாமா. தங்கச்சிக்கு இன்னைக்கிப் பொறந்தநாளு."

கேட்டதற்கு மேலேயும் சொல்கிறான். பொய்க்குத் தானாகவே இன்னொரு செங்கல் வைக்கிறான். நித்யா அவனை வேடிக்கை பார்த்தாள். ஒரு வருஷமாக இந்த வாயைத்தான் நம்பியிருந்தாள்.

"மாமன் எடத்துக்கு வந்துட்டு மாடியில போயி ஒளிஞ்சிக்கிட்டு வெட்டுவியா? இங்கயே வெட்டு பாப்பா. பக்கிரி, கத்தி எடுத்தா."

ரூம் பையன் வேலையிலேயே நரைத்துப்போன பக்கிரி, எலுமிச்சம்பழம் அறுக்கிற கத்தியைத் துடைத்துக்கொண்டு வந்தார். செல்வன் டப்பாவைத் திறந்தான். வெயிலில் ஒரு பக்கம் உருகிச் சாய்ந்திருந்தது. மேலே சிவப்பில் ஹாப்பி பர்த்டே என்று மட்டும் இருந்தது.

"பேரு எழுதலியா?" என்றார் ராமாமிர்தம்.

"எடம் பத்தல மாமா."

ஒரு முழு ஜெபமாலையையே எழுதலாம், அவ்வளவு இடம் இருந்தது. பஸ்ஸில் யாராவது டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டால் என்று பேரில்லாத கேக் வாங்கியிருக்கிறான். பேக்கரிக்காரன் என்ன பேர் எழுத என்று கேட்டிருப்பான். இவன் வேண்டாம் என்றிருப்பான். தங்கச்சி என்றது அவசரத்தில் வாய் தவறி வந்தது என்று அவள் மனசின் ஏதோ ஒரு மூலை அதுவரைக்கும் வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தது. அது வாயை மூடிக்கொண்டது.

"இரு, மச்சானுக்கு வீடியோ போடறேன். புள்ளைங்க எங்கிட்டதான் இருக்குன்னு பாக்கட்டும்."

"வேணாம் மாமா. அப்பா கழனியில இருப்பாரு. டவர் கெடைக்காது." செல்வனின் குரல் உயர்ந்தது. "நீ மேல போ" என்று நித்யாவைத் தள்ளாத குறையாகச் சொன்னான். அவள் நகரவில்லை.

மணி அடித்தது. எடுத்தது ஒரு பெண். தலையில் எண்ணெய், காதில் பேனா, பின்னால் சுவரில் காலண்டர்.

"மாமா, அப்பா போன வச்சிட்டுக் கழனிக்குப் போயிட்டாரு. நான் இளவரசி பேசறேன்."

ராமாமிர்தம் போனைப் பார்த்தார். நித்யாவைப் பார்த்தார். திரும்பப் போனைப் பார்த்தார்.

"எந்த இளவரசி?"

"எங்க வூட்ல எத்தினி இளவரசி மாமா இருக்கு?"

பக்கிரி கத்தியை நீட்டியபடியே நின்றார். செல்வன் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். நித்யா செயினை வெளியே இழுத்துப் போட்டாள். "குடுங்க சார்" என்று ராமாமிர்தத்தின் கையிலிருந்து போனை வாங்கினாள். அவர் தடுக்கவில்லை.

"இளவரசி, எம் பேரு நித்யா மேரி. ஒங்க அண்ணன் பொண்டாட்டி. ரிஜிஸ்டர் பண்ணி ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. ஒங்க கல்யாணம் முடியற வரைக்கும் மூச்சு வுடக் கூடாதுன்னுதான் இருந்தேன். இன்னைக்கி என்னத் தங்கச்சின்னு சொல்லி ரூம் வாங்கிட்டாரு. இதுக்கு மேல முடியாது. அதான் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் காதிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"எங் கல்யாணமா?" என்றாள் இளவரசி. "எனக்கு யாருங்க பாக்கறா? வேலைக்கிப் போற வரைக்கும் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அப்பாவும் செரின்னுட்டாரு. அது போன பொங்கலுக்கே முடிஞ்சிபோச்சே. அண்ணனுந்தான் பக்கத்துல ஒக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருந்துச்சி."

நித்யா திரும்பினாள்.

"நெய்வேலி மாப்பிள்ள?"

அவன் டப்பா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஜாதகம் சேரலன்னியே. விருத்தாசலத்துக்காரன் ஜாஸ்தி கேக்கறான்னியே. எவனும் இல்லியா? எல்லாம் நீயே பெத்த மாப்பிள்ளைங்களா?"

"நித்யா, எல்லாரு முன்னாடியும் வேணாம்."

"எல்லாரு முன்னாடியும்தான தங்கச்சின்ன?"

"அப்பாவுக்குப் பயந்துதான்..."

"கேட்டுப் பாத்தியா? ஒரே ஒரு தடவ?"

ராமாமிர்தம் தொண்டையைச் செருமினார். "ஒங்கப்பனுக்கா பயந்த? ஊர்ல எவன் சாதி மாத்திக் கட்டுனாலும் மொத மாலைய எடுத்துக்கிட்டு அவுருதானடா போவாரு."

"அது ஊரான் புள்ளைக்கி மாமா" என்றான் செல்வன்.

அன்று அவன் சொன்ன முதல் உண்மை அதுதான். ராமாமிர்தத்துக்கும் அது தெரியும் போல. சாவியை எடுத்துப் பலகையில் மாட்டினார்.

நித்யாவுக்கு வேறு ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து முட்டியை ஒதுக்கிய அத்தனை ஞாயிற்றுக்கிழமையும். இன்னொரு பெண்ணுக்காகத்தானே என்று ஒவ்வொரு வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டது. அந்தப் பெண் காதில் பேனாவை வைத்துக்கொண்டு பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மா தன் மகளை விட்டு வேறு பூசைக்குப் போனது யாருக்காகவும் இல்லை. இவன் ஒரு முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லப் பயந்ததற்காக.

"அண்ணி" என்றது போன். அந்த வார்த்தை வாய்க்குப் பொருந்துகிறதா என்று சொல்லிப் பார்க்கிற மாதிரி. "அப்பா என்னா சொல்வாருன்னு எனக்குத் தெரியாது. கத்துவாரு. நீங்க இங்க வந்தா நான் சோறு போடுவேன். என்னால அவ்வளதான் சொல்ல முடியும்."

"வரேன்" என்றாள் நித்யா.

போனைத் திருப்பிக் கொடுத்தாள். பக்கிரியின் கையிலிருந்து கத்தியை வாங்கி, ஹாப்பி பர்த்டேயை நடுவில் பிளந்தாள். பக்கிரிக்கு ஒரு துண்டு, ராமாமிர்தத்துக்கு ஒரு துண்டு. தனக்குப் பெரியதாக ஒன்றை வெட்டி நின்றபடியே தின்றாள். நேற்று ராத்திரி கேன்டீனில் தின்றதுதான் கடைசி. செல்வன் கையை நீட்டவில்லை, அவளும் கொடுக்கவில்லை.

"சார், நான் மட்டும் ஒரு ரூம் எடுத்துத் தூங்கிட்டுப் போறேன்னா குடுப்பீங்களா?"

ராமாமிர்தம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தனியா வர்ற லேடீசுக்கும் குடுக்கறது இல்லம்மா."

"தெரியும். கேட்டுப் பாத்தேன்."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் செல்வன் பின்னாலேயே வந்தான். கையில் பிளந்த கேக்கோடு டப்பா. ஒரு கையைக்கூட அவனால் வீச முடியவில்லை. "இன்னைக்கி வேணாம் நித்யா. அடுத்த வாரம் நானே சொல்லிடறேன். சத்தியமா. பிச்சாவரத்துக்காச்சும் போயிட்டு வருவோம். ஒனக்குப் பொறந்தநாளுன்னுதான..." அவள் நடையைக் குறைக்கவில்லை. "தங்கச்சின்னுதான சொன்னேன், வேற என்னா தப்பா சொல்லிட்டேன்" என்று அவன் சொன்னபோது மட்டும் நின்றாள். திரும்பி அவனை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை என்று தெரிந்தது. மறுபடி நடந்தாள்.

குறிஞ்சிப்பாடி பஸ் புறப்படத் தயாராக இருந்தது. ஏறி, ஜன்னலோரம் இருந்த ஒரு நடுவயதுப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். செல்வன் கீழே நின்று அவளைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். வண்டி உருண்ட பிறகு பின்வாசலில் தொற்றி ஏறினான். இரண்டு வரிசை தள்ளி, பின்னால் உட்கார்ந்தான். பழக்கம்.

கண்டக்டர் வந்தார். "எங்கம்மா?"

"குறிஞ்சிப்பாடி ஒண்ணு."

"ரெண்டு" என்று பின்னாலிருந்து கை நீண்டது. "அவுங்களுக்கும் சேத்து."

கண்டக்டர் அவனைப் பார்த்தார். தனியாக ஏறிய பெண்ணுக்கு எவனோ டிக்கெட் எடுக்கிறான் என்றால் அவர் கேட்காமல் விடுவாரா. "யாரும்மா அவுரு? தெரிஞ்சவரா?"

"அவுரையே கேளுங்க" என்றாள் நித்யா, திரும்பாமல்.

அக்கம்பக்கத்துத் தலைகள் எல்லாம் திரும்பின. குறிஞ்சிப்பாடி போகிற வண்டி. ஊர்க்காரன் மாதிரி இல்லை, ஊர்க்காரர்களே இருப்பார்கள்.

"எங்க வூட்ல..." என்று செல்வன் இழுத்தான்.

"ஆங்? ஒங்க வூட்ல என்னா?"

"எம் பொண்டாட்டி."

"அத ஏன்யா அழுதுக்கிட்டே சொல்ற? சந்தோசமா சொல்லு" என்றார் கண்டக்டர். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

இதைக் கேட்கத்தான் அவள் கிளம்பி வந்தாள். ராத்திரி ஷிப்டில் நடுவில் எடுக்கிற பசி, விடிந்து சோற்றின் முன்னால் உட்காரும்போது செத்துப்போயிருக்கும். அப்படித்தான் இருந்தது. தட்டு வந்துவிட்டது, வயிறு கேட்கவில்லை. பணத்தை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினாள். "எனக்குத் தனியா கிழிங்க."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தனியாகக் கிழித்தார்.

புவனகிரி தாண்டுவதற்குள் கண் சொருகியது. பக்கத்துப் பெண்ணின் முழங்கையைத் தொட்டாள். "அக்கா, குறிஞ்சிப்பாடி வந்தா எழுப்பி வுடுங்க."

அந்தப் பெண் பின்னால் எட்டிப் பார்த்தாள். "ஒங்க வூட்டுக்காரருதான் இருக்காரே. அவுரு எழுப்ப மாட்டாரா?"

"நீங்களே எழுப்புங்க" என்று சொல்லிவிட்டு நித்யா மேரி கண்ணை மூடினாள்.